போன் திருத்தும் காலத்தில் எழுத்துப்பிழைப் பாடம் எதற்கு?

ஏழாம் வகுப்பில் படிக்கும் மகனுக்கு வாரம் ஒருநாள் தமிழில் டிக்டேஷன் வைக்கிறார்கள், தவறிய சொல்லை இம்போசிஷன் எழுதிவரச் சொல்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அவனோ, "போன்ல பேசினா அதுவே எழுதிடுது, தப்பா அடிச்சாலும் சரியான வார்த்தையைக் காட்டுது, அப்புறம் எதுக்கும்மா இது?" என்கிறான். அவனுக்கு என்ன சொல்வது, பள்ளிகள் இதற்கு இனியும் நேரம் ஒதுக்கத்தான் வேண்டுமா என்பது உங்கள் கேள்வி.

ஒதுக்க வேண்டும் என்பதே என் பதில். தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்று, இப்போது பதிப்பகங்களுக்கு மெய்ப்புத் திருத்திக் கொடுப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். ஆனால் உங்கள் பையன் எரிச்சல்படுவதிலும் நியாயம் இருக்கிறது. ஒரே சொல்லைத் திரும்பத் திரும்ப எழுதவைப்பதால் கை வலிக்குமே தவிர, அந்தச் சொல் ஏன் அப்படி எழுதப்படுகிறது என்று அவனுக்குத் தெரியாது. அடுத்த வாரம் அதே பிழையை இன்னொரு சொல்லில் செய்வான். சொல்லிக்கொடுக்க வேண்டியது வேறு. அதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறேன்.

இந்த விவாதம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தொடங்கி நம்மிடம் வருகிறது. அங்கே எழுதுவது ஒரு மாதிரி, ஒலிப்பது ஒரு மாதிரி. காதில் விழுந்த சொல்லை அப்படியே எழுதிவிட முடியாது என்பதால்தான் அமெரிக்காவில் 1925 முதல் தேசிய அளவில் ஸ்பெல்லிங் போட்டி நடக்கிறது. 2019இல் நள்ளிரவு தாண்டியும் எஞ்சியவர்களை வெளியேற்ற முடியாமல் எட்டுப் பேருக்கும் சேர்த்துப் பட்டம் கொடுத்தார்கள். அவர்களில் ஏழு பேர் இந்திய வம்சாவளிப் பிள்ளைகள். எத்தனையோ மொழிகளிலிருந்து வந்த சொற்களின் வேரையும் விலக்கையும் மனத்தில் ஏற்றிய பெரிய உழைப்பு அது. அப்படிப்பட்ட மொழியில் "இந்தப் பாரத்தை எந்திரத்திடம் விட்டுவிடலாமா" என்று கேட்பது புரிகிறது.

தமிழில் பாரம் அவ்வளவு இல்லை. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1 என்று 247 எழுத்துகளையும் அடையாளம் கண்டுகொண்ட பிள்ளை, இதுவரை கேட்டிராத சொல்லைக்கூட ஏறத்தாழச் சரியாக எழுதிவிடும். தடுக்கி விழும் இடங்கள் சிலதான். ல, ள, ழ ஓர் இடம். சின்ன ர, பெரிய ற இன்னோர் இடம். ந, ன, ண அடுத்தது. அப்புறம் ஒற்று எங்கே போடுவது, எங்கே போடக்கூடாது என்பது. சின்ன வகுப்புகளில் குறில், நெடில் குழப்பம் இருக்கும், அது படிக்கப் படிக்கச் சரியாகிவிடும். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் பிழைகளை எடுத்துப் பிரித்தால் பெரும்பாலானவை இந்த நான்கு இடங்களுக்குள் அடங்கும். இவ்வளவு சிறிய பரப்பை முழுதாகவே கற்றுக்கொடுத்துவிட முடியும் என்கிறபோது அதைக் கைவிடச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

சரி, போன் உண்மையில் என்ன செய்கிறது என்று பார்க்கலாம். பெரும்பாலோர் ஆங்கில எழுத்துகளில் அடித்துத் தமிழாக மாற்றுகிறார்கள். ஆங்கில எழுத்து 'என்' ஒன்றுதான். அதற்கு நம்மிடம் ந, ன, ண மூன்று. 'எல்' ஒன்றுதான், ல, ள இரண்டுக்கும் அதையே அடிக்கிறோம். விசைப்பலகை மேலே மூன்று நான்கு சொற்களைக் காட்டும், அதில் ஒன்றை நாம் தொட வேண்டும். அப்படித் தொடுவதே ஒரு எழுத்துத் தேர்வுதான். 'மனம்', 'மணம்' இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது எதைத் தொடுவது என்று தெரியாதவனுக்கு அந்த உதவியால் ஒன்றும் ஆகாது. இன்னொன்றும் உண்டு. பல விசைப்பலகைகள் நாம் அடித்து ஏற்றுக்கொண்ட சொல்லை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த முறை அதையே முன்னால் நீட்டும். 'அதற்க்கு' என்று தொடர்ந்து அடிக்கிறவனுக்கு அதுவே வந்து நிற்கத் தொடங்கும்.

பிழைதிருத்திகளின் வேலை வேறு. தன்னிடம் உள்ள சொற்களோடு ஒப்பிட்டு, அதில் இல்லாததை அவை சுட்டும். 'பல்லிக்கூடம்' என்றால் பிடித்துவிடும். 'தம்பி பல்லிக்குப் போனான்' என்றால், பல்லியும் ஒரு சொல்தானே, விட்டுவிடும். தமிழில் இந்த ஆபத்து அதிகம், ஏனென்றால் ஓர் எழுத்து மாறினால் பெரும்பாலும் இன்னொரு நல்ல சொல்தான் கிடைக்கிறது. கரை, கறை. அரை, அறை. இரை, இறை. பனி, பணி. வேலை, வேளை. கொல்லை, கொள்ளை. அலை, அழை. வலி, வழி, வளி. வாள், வால், வாழ். ஒவ்வொன்றும் அகராதியில் இருக்கும் சொல். அதோடு, தமிழில் ஒரு வினையடி விகுதிகளை ஏற்று ஆயிரக்கணக்கான வடிவங்கள் எடுக்கும். 'படித்துக்கொண்டிருந்தவர்களுக்காகவும்' என்பது ஒரே சொல்லாக எழுதப்படுவது. இதையெல்லாம் பட்டியல் போட்டு அடக்க முடியாது, சொல்லைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்த நிரல் வேண்டும். 'மென்தமிழ்', 'வாணி', சந்திப்பிழைக்கான 'நாவி' போன்றவற்றை உருவாக்கியவர்கள் இந்தக் கடினமான வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். அவர்கள் மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. அத்தகைய கருவிகளை நானும் பயன்படுத்துகிறேன், மற்றவர்களையும் பயன்படுத்தச் சொல்கிறேன்.

புதிதாக வந்திருக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் இன்னும் ஒரு படி மேலே. வாக்கியத்தின் சூழலைப் பார்ப்பதால் 'பல்லிக்குப் போனான்' என்பதைப் பெரும்பாலும் 'பள்ளிக்குப் போனான்' என்று மாற்றிவிடும். இதை மறுக்க வேண்டியதில்லை, இன்னும் மேம்படும் என்றே நம்புகிறேன். ஆனால் இவை அதிகம் புழங்கும் சொல்லின் பக்கம் சாய்பவை. 'அறமும் மறமும்' என்று எழுதியதில் மறத்தை மரமாக்கிவிடக்கூடும். 'விழைகிறேன்' என்பதை 'விளைகிறேன்' ஆக்கிவிடக்கூடும். மாற்றியது சரியா, நாம் எழுதியதே சரியா என்று முடிவெடுக்க ஒரு ஆள் வேண்டும். அந்த ஆள் எழுத்து தெரிந்தவராக இருக்க வேண்டும்.

பெயர்களில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். பெயருக்குச் சூழல் கிடையாது. ஆங்கிலத்தில் அடித்த பெயரைக் கணினி தமிழாக்கும்போது வள்ளி வல்லியாகவும், பழனி பலனியாகவும் மாறுவதற்கு ஒரு நொடி போதும். விண்ணப்பத்தை நிரப்பியவர் திரையைத் திருப்பிக் காட்டி "சரியா பாருங்க" என்கிறார். பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாவிட்டால் தலையசைத்துவிடுவார். அப்புறம் பட்டாவில் ஒரு பெயர், அடையாள அட்டையில் ஒரு பெயர் என்று திருத்தத்துக்கு அலைய வேண்டும். இலங்கையில் அரசுப் பெயர்ப்பலகைகளிலும் அறிவிப்புகளிலும் தமிழ் சிதைந்து வருவது அங்குள்ள தமிழர்களின் நெடுநாள் மனக்குறை. எழுத்துருவும் கணினியும் இருந்தும் அச்சுக்குப் போகும் முன் தமிழ் அறிந்த ஒருவர் பார்க்காததால் நடப்பது அது.

இனி என் மனத்துக்கு நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். தமிழ் எழுத்துப்பிழை ஏன் வருகிறது? நம் பேச்சில் சில ஒலிகள் ஒன்றாகிவிட்டன. தமிழ்நாட்டின் பெரும்பகுதியில் ரகரமும் றகரமும் ஒரே மாதிரிதான் ஒலிக்கின்றன. குமரிப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்திலும் அவை பிரிந்து ஒலிப்பதைக் கேட்கலாம். ழகரம் மதுரைப் பக்கம் ளகரமாகிறது, சென்னையின் பழைய பேச்சில் யகரமாகி 'வாயப்பயம்' ஆகிறது. நகரத்துக்கும் னகரத்துக்கும் ஒலி வேறுபாடு அநேகமாக யாரிடமும் இல்லை. ஆக, "நன்றாக உச்சரித்துப் பார், எழுத்து தானே வரும்" என்று பிள்ளையிடம் சொல்வதில் பயன் குறைவு. தன் காதில் விழாத ஒன்றை அவன் எப்படி எழுதுவான்? டிக்டேஷனின் அடிப்படைக் கோளாறே இதுதான். ஆசிரியர் அழுத்தி உச்சரித்துக் காட்டும்போது சரியாக எழுதுகிறவன், சொந்தமாகக் கட்டுரை எழுதும்போது தவறிவிடுகிறான்.

காது கைவிடும் இடத்தில் கைகொடுப்பது சொல்லின் அமைப்பு. நம் பிள்ளைகளுக்கு நாம் அதிகம் சொல்லிக்கொடுக்காமல் விடுவதும் இதுதான்.

ஓர் எடுத்துக்காட்டு. 'முயற்ச்சி', 'பயிற்ச்சி', 'அதற்க்கு', 'ஏற்ப்படும்', 'கற்ப்பனை' என்று எழுதுவதை எங்கும் பார்க்கலாம். கடைப் பலகை, கல்யாணப் பத்திரிகை, தொலைக்காட்சியின் கீழே ஓடும் செய்தி, எதுவும் தப்புவதில்லை. இவை ஐந்தும் ஐந்து பிழைகள் அல்ல, ஒரே பிழை. ற், ட் இரண்டுக்கும் பின்னால் இன்னொரு புள்ளி வைத்த எழுத்து தமிழில் வராது. ஆகவே முயற்சி, பயிற்சி, அதற்கு, ஏற்படும், கற்பனை. ஆட்கள், நட்பு, கட்சி எல்லாம் அதே கணக்கு. அப்படியானால் வளர்ச்சியில் மட்டும் ச் ஏன் வருகிறது? ய், ர், ழ் என்ற மூன்றுக்கும் பின்னால் இன்னொரு மெய் வரலாம். ஆராய்ச்சி, வளர்ச்சி, மகிழ்ச்சி. வாய்ப்பு, பார்த்தான், வாழ்க்கை. 13ஆம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலில் இருக்கும் விதி இது. வகுப்பில் பத்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிடலாம். அந்தப் பத்து நிமிடம் எத்தனை சொற்களைக் காப்பாற்றுகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

அதோடு நின்றுவிட வேண்டாம். முயல் என்ற வினையிலிருந்து முயற்சி, பயில் என்பதிலிருந்து பயிற்சி, சுழல் என்பதிலிருந்து சுழற்சி. லகரத்தில் முடிந்தவை ற்சி ஆயின. ஆள் என்பதிலிருந்து ஆட்சி, மீள் என்பதிலிருந்து மீட்சி, புரள் என்பதிலிருந்து புரட்சி, வறள் என்பதிலிருந்து வறட்சி. ளகரத்தில் முடிந்தவை ட்சி ஆயின. மகிழ், வீழ், நிகழ் மூன்றும் ழகரத்தை விடாமல் மகிழ்ச்சி, வீழ்ச்சி, நிகழ்ச்சி ஆயின. இந்த மூன்று வரிசையையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டால் போதும். ஆசிரியர் வாய் திறப்பதற்குள் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளே விதியைச் சொல்லிவிடுவார்கள்.

அடுத்து, ல, ள, ழ குழப்பத்துக்கு இறந்தகாலத்தைக் கேட்கச் சொல்ல வேண்டும். வெல், வென்றான். நில், நின்றான். பயில், பயின்றான். லகரம் என்றால் ன்ற வரும், அல்லது கற்றான், ஏற்றான் என்பதுபோல ற்ற வரும். ஆள், ஆண்டான். உருள், உருண்டான். ளகரம் என்றால் ண்ட வரும், அல்லது கேள், கேட்டான் என்பதுபோல ட்ட வரும். வாழ், வாழ்ந்தான். தாழ், தாழ்ந்தான். ழகரம் என்றால் ந்த. சொல், சொன்னான் போன்ற ஓரிரு விலக்குகளைத் தனியாகச் சொல்லிவிடலாம். இதில் எனக்குப் பிடித்த விஷயம், பதில் பிள்ளையின் நாக்கிலேயே இருக்கிறது என்பது. கொல்வதற்கும் கொள்வதற்கும் உச்சரிப்பில் வேறுபாடு காட்டாத பையன்கூடக் 'கொன்னான்', 'கொண்டான்' என்ற இரண்டையும் ஒருநாளும் மாற்றிச் சொல்ல மாட்டான். பேச்சுத் தமிழ் எழுத்தைக் கெடுக்கிறது என்று புகார் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

பெரிய றவுக்கும் பேச்சிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. ஆறு, சோறு, வயிறு, கிணறு என்பவற்றைப் பேச்சில் எப்படிச் சொல்கிறோம்? ஆத்துல, சோத்துல, வயித்துல, கெணத்துல. எழுத்தில் அவை ஆற்றில், சோற்றில், வயிற்றில், கிணற்றில். பெயர்ச்சொல் இப்படித் 'த்து' என்று இரட்டித்தால் அங்கே இருப்பது வல்லின ற. தெருவும் கருவும் அப்படி ஆவதில்லை, தெருவில், கருவில் என்றுதான் நிற்கும். இந்தச் சோதனை எல்லாச் சொல்லுக்கும் உதவாது. கறி, கரி, பறவை, பரவை, மரம், மறம் எல்லாம் படித்துப் படித்துக் கண்ணில் பதிய வேண்டியவை. ர, ற இரண்டும்தான் நான்கு இடங்களிலும் கடினமானவை என்பதை ஒப்புக்கொண்டு அதற்குக் கூடுதல் நேரம் கொடுக்க வேண்டும்.

ந, ன, ண மூன்றும் இவ்வளவு சிரமம் இல்லை. பழைய ஆசிரியர்கள் தந்நகரம், றன்னகரம், டண்ணகரம் என்று பெயர் சொல்லிக்கொடுத்ததிலேயே பாடம் முடிந்துவிடும். தவுக்கு முன்னால் ந், றவுக்கு முன்னால் ன், டவுக்கு முன்னால் ண். பந்து, கன்று, வண்டு. சொல்லின் தொடக்கத்தில் வருவது ந மட்டும். இப்போதெல்லாம் 'இரண்டு சுழி, மூன்று சுழி' என்று மட்டும் சொல்லிவிடுகிறோம். சுழியை எண்ணினால் வடிவம் தெரியும், எங்கே போட வேண்டும் என்பது தெரியாது.

தொழில்நுட்பத்துக்கும் இதற்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் என்ற தமிழ்க் கணினி மாநாட்டை ஒட்டி முடிவான தமிழ்99 விசைப்பலகையில் ந, த என்று அடுத்தடுத்து அடித்தால் 'ந்த' என்று தானே புள்ளி விழும். ண, ட அடித்தால் 'ண்ட'. ன, ற அடித்தால் 'ன்ற'. அதை வடிவமைத்தவர்கள் இன எழுத்து விதியையே விசைக்குள் வைத்துவிட்டார்கள். எழுத்திலக்கணம் தெரிந்தவர்கள் இருந்ததால்தான் அப்படி ஒரு கருவி வந்தது. நாளைக்கு நல்ல தமிழ்ப் பிழைதிருத்தி எழுதப் போகிறவர்களும் இன்றைக்கு ஏதோ ஒரு வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாசிப்புக்கும் இதற்கும் உள்ள உறவைச் சிலர் கேட்பதுண்டு. எழுத்துக்கூட்டி எழுதுவதும் தங்குதடையின்றி வாசிப்பதும் ஒரே அறிவின் இரண்டு பக்கங்கள் என்பதுதான் ஆய்வாளர்கள் பலரின் கருத்து. ஸ்டீவ் கிரஹாம், தான்யா சாண்டாஞ்செலோ இருவரும் 53 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2014இல் வெளியிட்ட கட்டுரையில், எழுத்துக்கூட்டலை முறையாகக் கற்பித்தால் எழுத்து மட்டுமல்ல, வாசிப்பும் மேம்படுகிறது என்று காட்டினார்கள். ஜெர்மனியில் 'காதில் கேட்டபடி எழுதட்டும், இப்போதைக்குத் திருத்த வேண்டாம்' என்ற முறை பல பள்ளிகளில் இருந்தது. பான் பல்கலைக்கழகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில், பாடநூல் வழியாகப் படிப்படியாகக் கற்ற பிள்ளைகளே குறைவான பிழைகளோடு எழுதினார்கள். இவை வேறு மொழிகளில் கண்டவைதான். ஆனாலும் 'தானாக வந்துவிடும்' என்ற நம்பிக்கைக்கு இவை துணை நிற்கவில்லை.

இதற்காக எழுத்தைப் புனிதமாக்கிவிடக் கூடாது. ஓலைச்சுவடிகளில் மெய்க்குப் புள்ளி இருக்காது, குறில் எகரத்தையும் நெடில் ஏகாரத்தையும் பிரித்துக் காட்டும் குறி இருக்காது, காலும் ரகரமும் ஒன்று போலவே இருக்கும். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே. சாமிநாதையர் இப்படிப்பட்ட ஏடுகளை ஒப்பிட்டு ஒப்பிட்டுத்தான் சரியான மூல வரிகளைக் கண்டறிந்தார். 'எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான்' என்ற பழமொழி சும்மா வரவில்லை. நமக்கு நெருக்கமான காலத்தில் 1978இல் தமிழ்நாடு அரசு பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்றவற்றின் பழைய வடிவங்களை மாற்றியது. எழுத்துமுறை மாறும். மாற்றுவதற்கும் அதை அறிந்தவர்கள்தான் வேண்டும்.

ஆகவே மதிப்பெண் குறைப்பதில் ஆசிரியர்கள் நிதானமாக இருக்க வேண்டும். கோயில், கோவில் இரண்டும் சரி. பவளம், பவழம். உளுந்து, உழுந்து. மங்கலம், மங்களம். கருப்பு, கறுப்பு. இவற்றில் ஒன்றை எழுதியதற்காகச் சிவப்பு மையில் சுழிப்பது அநியாயம். வாழ்த்துகளா வாழ்த்துக்களா என்று பெரியவர்களே இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். அந்தச் சண்டைக்குப் பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் மதிப்பெண்ணைப் பலியிட வேண்டியதில்லை. இதைவிடப் பெரிய தீங்கு ஒன்று உண்டு. ஒவ்வொரு பிழைக்கும் வெட்டு விழும் என்று பயந்த பிள்ளை, தனக்கு எழுதத் தெரிந்த சொற்களை மட்டுமே வைத்துக் கட்டுரை எழுதத் தொடங்கிவிடும். 'மகிழ்ச்சி' எழுத வராது என்று 'சந்தோசம்' எழுதும், அதுவும் சந்தேகமாக இருந்தால் 'நன்றாக இருந்தது' என்று முடித்துவிடும். அப்படிச் சுருங்கிப்போன கட்டுரைகளை நான் நிறையத் திருத்தியிருக்கிறேன், பிழை இருக்காது, பிள்ளையும் இருக்காது. முதல் வரைவில் கை வைக்கவே கூடாது. எழுதி முடித்த பிறகு, இந்த வாரம் ஒற்றுப் பிழை மட்டும், அடுத்த வாரம் ல, ள, ழ மட்டும் என்று ஒரு வகையை எடுத்துப் பிள்ளையையே தேடச் சொல்ல வேண்டும்.

சந்தியையும் அப்படித்தான் வயதுக்குத் தகுந்தபடி பிரித்துக்கொள்ள வேண்டும். வலி மிகும் இடம், மிகா இடம் என்று நீண்ட பட்டியலை ஆறாம் வகுப்பிலேயே கொட்டத் தேவையில்லை. அந்த, இந்த, எந்த என்பவற்றுக்குப் பிறகு, ஐ உருபுக்குப் பிறகு, கு உருபுக்குப் பிறகு என்று மூன்று இடம் தெரிந்தாலே அன்றாட எழுத்து நிமிர்ந்துவிடும். பொருள் மாறும் இடங்களைக் காட்டினால் பிள்ளைகளுக்கு ஆர்வம் வரும். 'வேலை தேடினான்' என்றால் உத்தியோகம் தேடுகிறான். 'வேலைத் தேடினான்' என்றால் வேல் என்ற ஆயுதத்தைத் தேடுகிறான். 'தந்த பலகை' யாரோ கொடுத்த பலகை, 'தந்தப் பலகை' யானைத் தந்தத்தில் செய்தது.

ஒரு பிரிவுப் பிள்ளைகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடு உள்ளவர்களுக்கு எவ்வளவு சொல்லிக்கொடுத்தாலும் எழுத்து வரிசை நழுவிக்கொண்டே இருக்கும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இதையும் ஒரு குறைபாடாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. இவர்களுக்குக் குரல்வழித் தட்டச்சும் பிழைதிருத்தியும் முதல் நாளிலிருந்தே தாராளமாகக் கிடைக்க வேண்டும். மனத்தில் இருப்பதைச் சொல்ல அவர்களுக்கு அது வழி திறக்கிறது. இம்போசிஷன் அவர்களைப் பள்ளியை விட்டே ஓடவைக்கும். உங்கள் மகனுக்கு மற்ற பாடங்கள் நன்றாக வந்து எழுத்தில் மட்டும் தொடர்ந்து தடுமாற்றம் இருந்தால், சோம்பல் என்று முடிவு கட்டாமல் ஒருமுறை நிபுணரிடம் காட்டிவிடுங்கள்.

மற்றப் பிள்ளைகளுக்கு என் கணக்கு இதுதான். ஐந்தாம் வகுப்பு வரை கையால் எழுதட்டும், கருவி வேண்டாம். எழுத்தின் வடிவமும் ஒலியும் கையோடு சேர்ந்து பதிகிற பருவம் அது. ஆறாம் வகுப்பிலிருந்து மேலே சொன்ன விதிகளைச் சொல்லிக்கொடுத்து, கூடவே கருவியையும் வகுப்புக்குள் கொண்டுவரலாம். பிழைதிருத்தி ஒரு சொல்லைச் சுட்டினால், ஏன் சுட்டியது என்று சொல்ல வேண்டும். சுட்டாமல் விட்டதைக் கண்டுபிடித்தால் பாராட்ட வேண்டும். இப்படிப் பழகியவன் கருவியை நன்றாகவும் பயன்படுத்துவான், அதை நம்பி ஏமாறவும் மாட்டான்.

வேலை வாய்ப்பு என்று பார்த்தாலும் இது வீண் போகாது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையத்தின் தமிழ்ப் பாடத்திட்டத்தில் எழுத்துப்பிழை தொடர்பான தலைப்புகள் இருக்கின்றன. தேர்வறைக்குள் போனைக் கொண்டுபோக முடியாது. ஆனால் இதைக் காரணமாகச் சொல்லிப் பிள்ளையைப் படிக்கவைப்பதில் எனக்கு விருப்பம் இல்லை. வளர்ச்சிக்கும் முயற்சிக்கும் ஏன் வேறுபாடு என்று தெரியும்போது அவன் முகத்தில் வரும் தெளிவே போதுமான காரணம்.

நீங்கள் வீட்டில் செய்யக்கூடியதைச் சொல்கிறேன். அவனுடைய தமிழ் நோட்டை எடுத்து, பிழையான சொற்களை ஒரு தாளில் எழுதி, நான் சொன்ன நான்கு வகையாகப் பிரியுங்கள். எந்த வகை அதிகமோ அதில் தொடங்குங்கள். ற், ட் விதிதான் எளிது, உடனே பலன் தெரியும். அப்புறம் இறந்தகாலச் சோதனை. வாரத்துக்கு ஒரு விதி போதும். வார இறுதியில் அவன் போனிலேயே ஒரு பத்தியை வாய்விட்டுச் சொல்லி எழுதவைத்து, போன் செய்த பிழைகளை அவனைத் திருத்தச் சொல்லுங்கள். கதையோ செய்தியோ வேண்டாம், அவன் நண்பர்களின் பெயர்களும் உங்கள் ஊர்த் தெருப் பெயர்களும் வருகிற மாதிரி சொல்லட்டும். போன் அங்கேதான் தடுமாறும்.

தமிழாசிரியரிடமும் பேசிப் பாருங்கள், குறை சொல்கிற மாதிரி இல்லாமல். இம்போசிஷனுக்குப் பதிலாக, தவறிய சொல்லுக்கு அதே வகையில் இன்னும் ஐந்து சொற்களைக் கண்டுபிடித்து எழுதிவரச் சொல்லலாமே என்று கேளுங்கள். முயற்சியைத் தவறவிட்டவன் பயிற்சி, சுழற்சி என்று தேடிக்கொண்டு வருவான். ஆசிரியருக்கும் ஒரே சொல் நிரம்பிய பக்கங்களைப் புரட்டிக் கையெழுத்துப் போடுவதைவிட அதைப் பார்ப்பது மகிழ்ச்சியாக இருக்கும்.